கிணறும் மோட்டாரும்: டயாலிசிஸில் தண்ணி எடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்துவிடும். கையடக்கமான ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு விஞ்ஞானியின் படம், "செயற்கை கிட்னி வந்தாச்சு, இனி டயாலிசிஸ் வேண்டாம்" என்று ஒரு வரி. படத்தில் இருப்பவர் பெரும்பாலும் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷுவோ ராய். டாக்காவில் பிறந்தவர். அவருடைய ஆராய்ச்சி உண்மை. "வந்தாச்சு" என்பது மட்டும்தான் பொய்.

ஏன் இன்னும் வரவில்லை என்று தேட ஆரம்பித்து எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ரத்தத்தில் இருக்கும் கழிவை எடுப்பதை மெஷின் ஓரளவு நன்றாகவே செய்கிறது. திணறுவது தண்ணி எடுப்பதில். அதுவும் "எவ்வளவு" என்பதைவிட "எவ்வளவு வேகமாக" என்பதில். இது புரிந்துவிட்டால் இன்றைக்கு டயாலிசிஸில் இருப்பவர்களுக்கே உபயோகமான சில விஷயங்கள் கிடைக்கின்றன.

கிட்னி போடும் கணக்கு

நம்ம ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் மொத்தமாக இருக்கும் பிளாஸ்மாவே 3 லிட்டர்தான். அந்த 3 லிட்டர் ஒரே நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. வடிந்ததில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை லிட்டர் மாதிரி.

முதலில் எல்லாத்தையும் வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் வேண்டியதை மட்டும் எண்ணி உள்ளே எடுத்துக்கொள்ளும் முறை இது. எவ்வளவு உள்ளே எடுப்பது என்பதை மூளையிலிருந்து வரும் ஹார்மோன், அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன், இதயம் சுரப்பது என்று பல பேர் சேர்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் முடிவு செய்கிறார்கள். சித்திரை வெயிலில் தோட்டத்தில் நின்றால் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது. விருந்தில் ரெண்டு சொம்பு மோர் குடித்தால் தாராளமாகப் போகிறது. நாம் எதையும் செட் செய்வதில்லை.

இந்த வேலை வாரத்துக்கு 168 மணி நேரமும் நடக்கிறது. வாரம் மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்று டயாலிசிஸ் செய்பவருக்குக் கிடைப்பது 12 மணி நேரம். நம்ம நாட்டில் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து வாரம் ரெண்டு தடவையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. அவர்களுக்கு வெறும் 8 மணி நேரம்.

நூலுக்குள் ஓட்டை

டயாலிசிஸ் மெஷினில் மாட்டியிருக்கும் ஒரு அடி நீளக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டயலைசர், அதாவது வடிகட்டி. அதற்குள் 10 ஆயிரம் அளவில் மெல்லிய இழைகள் இருக்கும். பார்க்க வெள்ளை நூல்கண்டு மாதிரியே இருக்கும். திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நூல் தெரியும். ஆனால் இந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே ஓட்டையுள்ள குழாய். உள் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். இழைக்குள் ரத்தம் ஒரு பக்கமாக ஓட, இழைக்கு வெளியே டயாலிசேட் என்ற உப்புக் கரைசல் எதிர்ப் பக்கமாக ஓடுகிறது.

இங்கே ரெண்டு வேலை நடக்கிறது. ரெண்டும் வேறு வேறு.

முதலாவது, கழிவு வெளியேறுவது. ரத்தத்தில் யூரியா அதிகம், கரைசலில் யூரியா இல்லை. அதனால் அது தானாகவே துளை வழியாக வெளியே பரவுகிறது. சாயத் துணியைத் தண்ணீரில் போட்டால் சாயம் இறங்குகிற மாதிரி. இதற்கு அழுத்தம் தேவையில்லை.

ரெண்டாவது, தண்ணி வெளியேறுவது. கரைசலின் உப்பு அளவும் ரத்தத்தின் உப்பு அளவும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், தண்ணி தானாக வெளியே போகாது. அழுத்தம் கொடுத்து இழுக்கணும். இதற்கு அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்று பெயர். மெஷின் திரையில் யு.எஃப். என்று காட்டுவது இதைத்தான். 2011ல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஆர்.ஓ. என்ற வார்த்தை இங்கே எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. அங்கே சவ்வின் ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்து தண்ணியை மட்டும் மறுபக்கம் தள்ளுகிறார்கள். டயலைசரிலும் அழுத்தம்தான் வேலை செய்கிறது. துளை பெரியது, அதனால் தண்ணியோடு கரைந்திருக்கும் உப்பும் சேர்ந்து போகும். அழுத்தமும் குறைவு போதும்.

வரலாற்றிலும் இந்த ரெண்டு வேலையும் தனித்தனியாகத்தான் வந்தன. நெதர்லாந்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு இருந்தபோது, 1943ல் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் நடைமுறையில் பயன்பட்ட முதல் செயற்கை கிட்னியைச் செய்தார். இறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, உப்புக் கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். 1945ல் 67 வயதுப் பெண் ஒருவர் அதனால் பிழைத்தார். ஆனால் தொட்டி திறந்த தொட்டி. அழுத்தம் வைத்துக் கணக்காகத் தண்ணி எடுக்க அதில் வழியில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் என்பவர் 1946 வாக்கில் வடிகட்டியை மூடிய உருளைக்குள் வைத்தார். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து தண்ணி எடுக்கும் வழி அப்படித்தான் பிறந்தது.

120 உள்ளே, 123 வெளியே

என் தொழில் புத்திக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கரைசல் நிமிஷத்துக்கு 500 மில்லி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் உள்ளே போகிறது. நோயாளியிடமிருந்து 3 லிட்டர் எடுக்கணும் என்றால் 123 லிட்டர் வெளியே வரணும். ரெண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைத் துல்லியமாக எடுக்கும் வேலை. அளவில் 1 சதவீதம் பிசகினால் 1.2 லிட்டர் கூடக் குறையப் போய்விடும். 50 கிலோ ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆரம்ப காலத்தில் நர்ஸுகள் அழுத்தத்தைக் கையால் திருகிவிட்டு, நோயாளியை அடிக்கடி எடை பார்த்துத்தான் சமாளித்தார்கள். 1980களில் பரவலான மெஷின்களில் ரெண்டு சம அளவு அறைகள் வந்தன. உள்ளே எவ்வளவு போகிறதோ அதே அளவுதான் வெளியே வரமுடியும். எடுக்கவேண்டிய 3 லிட்டரை மட்டும் தனியாக ஒரு சின்ன பம்ப் இழுக்கும். கழித்தல் கணக்கையே தூக்கிப்போட்டுவிட்டார்கள். அருமையான யோசனை.

ஆனால் அந்த "3 லிட்டர்" எங்கிருந்து வந்தது? ஒரு மனிதர் டைப் செய்தது. மெஷினுக்கு இவர் உடம்பில் எவ்வளவு தண்ணி உபரி என்று தெரியாது. டாக்டர் "டிரை வெயிட்" என்று ஒரு எடையைக் குறித்திருப்பார். உபரித் தண்ணி இல்லாமல் இவர் இருக்கவேண்டிய எடை. இன்றைய எடையிலிருந்து அதைக் கழித்தால் எடுக்கவேண்டியது கிடைக்கும். அந்த டிரை வெயிட்டே பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்து, பிரஷர், கால் வீக்கம், மூச்சு, தசைப்பிடிப்பு இதையெல்லாம் வைத்து மதிப்பிடுவதுதான். நடுவில் ஒருத்தர் நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டாலோ, காய்ச்சலில் இளைத்துப் போனாலோ அந்த எண் மாறிவிடும். மாறியது மெஷினுக்குத் தெரியாது.

கிணத்துக் கணக்கு

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் தோராயமாக 36 லிட்டர் தண்ணி இருக்கும். 24 லிட்டர் செல்களுக்குள்ளே. 9 லிட்டர் செல்களுக்கு வெளியே, திசுக்களின் இடுக்கில். 3 லிட்டர்தான் ரத்தக் குழாய்க்குள் பிளாஸ்மாவாக. டயாலிசிஸுக்கு முன் உபரியாக ஏறியிருக்கும் தண்ணியில் பெரும்பகுதி அந்தத் திசு இடுக்கில்தான் தேங்கும். காலில் அழுத்தினால் குழி விழுவது அதனால்தான். ஆனால் மெஷினின் ஊசி இருப்பதோ ரத்தக் குழாயில். தேங்கியிருப்பது ஒரு இடம், எடுப்பது இன்னொரு இடம்.

எங்க கொமரலிங்கத்தில் அமராவதி ராஜவாய்க்கால் பாயும் வயல்களைத் தள்ளிப் போனால் கிணத்துப் பாசனம்தான். அங்கே இது சின்னப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. நிலத்தடியில் தண்ணி இருக்கலாம். ஆனால் மோட்டார் எடுப்பது கிணத்தில் நிற்கும் தண்ணியை. மோட்டார் இழுக்கும் வேகத்துக்கு ஊத்து ஈடுகொடுத்தால் நாளெல்லாம் ஓட்டலாம். ஊத்து மெதுவாக இருந்தால் மூணு மணி நேரத்தில் கிணறு வத்தி, மோட்டார் காத்தை இழுக்கும். பக்கத்து மண்ணில் ஈரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு ஊறும்வரை காத்திருக்கணும்.

டயாலிசிஸில் நடப்பதும் அதேதான். 3 லிட்டரை 4 மணி நேரத்தில் எடுத்தால் நிமிஷத்துக்கு 12.5 மில்லி. திசுக்களிலிருந்து ரத்தக் குழாய்க்கு நிமிஷத்துக்கு 10 மில்லி ஊறுகிறது என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 2.5 மில்லி பற்றாக்குறை. நாலு மணி நேரத்தில் 600 மில்லி. பிளாஸ்மாவில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது! பிரஷர் இறங்குகிறது, கொட்டாவி வருகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, கண் இருட்டுகிறது. கால் வீக்கம் அப்படியே இருக்கும்போதே இதெல்லாம் நடக்கும். "உடம்புல தண்ணி இருக்குது, ஆனா எடுக்க முடியல" என்று டயாலிசிஸ் வார்டில் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

ஊத்தை இழுப்பது எது? முக்கியமாக ரத்தத்தில் இருக்கும் புரதம், குறிப்பாக ஆல்புமின். சரியாகச் சாப்பிடாமல் ஆல்புமின் குறைந்தவருக்கு ஊத்து மெதுவாகிவிடும். இதயம் பலவீனமானவர், ரொம்ப நாள் சர்க்கரை நோயாளி என்றால் குறையும் தண்ணிக்கு ஏற்ப ரத்தக் குழாயைச் சுருக்கிச் சமாளிக்கும் சக்தியும் குறைவு. டயாலிசிஸ் நடக்கும்போதே வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் போய், பிரஷர் இன்னும் இறங்கலாம்.

பிரஷர் இறங்குவது அந்த நேரத்து அவஸ்தை மட்டும் இல்லை. கிறிஸ் மெக்கின்டைர் குழுவினர் டயாலிசிஸ் நடக்கும்போதே இதயத்தை எக்கோவில் பார்த்தார்கள். வேகமாகத் தண்ணி எடுக்கும்போது இதயத் தசையின் சில பகுதிகள் ரத்தம் போதாமல் தற்காலிகமாகச் சுணங்கின. இது வாரம் மூணு தடவை, வருஷக்கணக்கில் நடந்தால் இதயம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

13 என்ற எண்

வேகத்தை எப்படி அளப்பது? எடுக்கும் மில்லியை எடையால் வகுத்து, மணி நேரத்தாலும் வகுக்கணும். 2011ல் ஜென்னி ஃப்ளைத் குழு, அமெரிக்காவின் 'ஹீமோ' ஆய்வில் இருந்த 1,846 நோயாளிகளின் தரவை அலசியது. கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்கப்பட்டவர்கள், 10 மில்லிக்குக் கீழே எடுக்கப்பட்டவர்களைவிட இறக்கும் அபாயம் 59 சதவீதம் அதிகமாக இருந்தது. 13 என்பது லட்சுமணக் கோடு இல்லை. 10ஐத் தாண்டும்போதே ஆபத்து ஏற ஆரம்பிக்கிறது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு என்பதால் வேகம்தான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்லிவிடவும் முடியாது. ஆனாலும் கிணத்துக் கணக்கோடு இது பொருந்திப்போகிறது.

போட்டுப் பார்ப்போம். 3 லிட்டர், 4 மணி நேரம்.

70 கிலோ ஆண்: 10.7
50 கிலோ பெண்: 15
அதே 50 கிலோ பெண், 5 மணி நேரம்: 12
அதே பெண், "பஸ் போயிரும் சிஸ்டர், அரை மணி முன்னாடியே கழட்டி விட்ருங்க" என்று மூன்றரை மணி நேரத்தில் எழுந்தால்: 17.1

ஒரே 3 லிட்டர்தான். ஒல்லியான பெண்களுக்குத்தான் இது அதிகம் அடிக்கிறது. கிராமத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருபவர், ஷிப்டுக்கு ஓடவேண்டியவர் அரை மணியைக் குறைப்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்த அரை மணியில் மிச்சமாவது நேரம் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கணும்.

இடைவெளியும் முக்கியம். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதல். அமெரிக்காவில் 32,065 பேரின் தரவை வைத்து 2011ல் வந்த ஆய்வில், அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பு விகிதம் அதிகம் என்று தெரியவந்தது. வாரம் ரெண்டே தடவை போகிறவருக்கு ஒவ்வொரு இடைவெளியும் நீண்ட இடைவெளிதான்.

தண்ணி இல்லை, உப்பு

என் சித்தப்பா டயாலிசிஸ் போகிறவர். ஒரு நாள் கேட்டார்: "சொன்ன அளவுதான் கண்ணு தண்ணி குடிச்சேன், அப்புறம் எப்படி மூணு கிலோ ஏறுச்சு?"

சோறு, சாம்பார், இட்லி, பழம் எல்லாத்திலும் தண்ணி இருக்கிறது என்பது பாதிப் பதில். மீதிப் பதில் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. உடம்பு தன் உப்புத் தன்மையை அந்த அளவில்தான் வைத்துக்கொள்ளும். அதனால் சிறுநீர் போகாத ஒருவர் 9 கிராம் உப்பு சாப்பிட்டால், உடம்பு சுமார் 1 லிட்டர் தண்ணியைச் சேர்க்காமல் விடாது. தாகமாக எடுக்கவைத்துக் குடிக்க வைத்துவிடும். நாளைக்கு 10 கிராம் உப்பு என்றால் மூணு நாளில் 30 கிராம், அதாவது 3.3 லிட்டர். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் 5 கிராமுக்குள் நின்றால் அதே மூணு நாளில் 1.7 லிட்டர். உப்பைக் குறைக்காமல் "தண்ணி குடிக்காதீங்க" என்று மட்டும் சொல்வது, அடுப்பை அணைக்காமல் பாலைப் பொங்காதே என்று சொல்வது மாதிரி.

ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லோருக்கும் தெரியும். பேக்கரி பப்ஸ், மிக்சர், கடைப் பரோட்டா சால்னா கணக்கில் வருவதே இல்லை. இன்னும் மூணு விஷயம். இந்துப்பு கிட்னிக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய ஆபத்து. இளநீரும் பொட்டாசியம் அதிகமுள்ளது. தென்னந்தோப்பு ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

மெதுவாக எடுத்தால்?

பிரான்சில் லியோன் பக்கத்தில் தஸ்ஸான் என்ற ஊரில் பல வருஷங்கள் தடவைக்கு 8 மணி நேரம் டயாலிசிஸ் செய்தார்கள். உப்பும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் மாத்திரையே தேவைப்படவில்லை. 2010ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் வாரம் ஆறு தடவை செய்தவர்களுக்கு இதயத் தசையின் வீக்கம் குறைந்தது. ஆனால் அடிக்கடி ஊசி குத்துவதால் கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவுக்குப் பிரச்சினைகள் கூடின. இலவசமாக எதுவும் வருவதில்லை.

இன்னொரு வழி வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வழியே 2 லிட்டர் மாதிரி சர்க்கரைக் கரைசலை விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிடுவது. வயிற்றின் உள்சவ்வே வடிகட்டி, சர்க்கரைதான் தண்ணியை இழுக்கும் மோட்டார். நாளெல்லாம் மெதுவாக நடப்பதால் கிணறு வத்துவதில்லை. வீட்டிலேயே செய்யலாம். சுத்தம் தவறினால் வயிற்றில் தொற்று வரும், அதுதான் பெரிய பயம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தக் கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் ஒரு பகுதி. இப்படி ஒரு வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி.

சரி, அந்தப் பெட்டி எப்போது வரும்?

லாஸ் ஏஞ்சலஸில் விக்டர் குரா என்பவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் 5 கிலோ கிட்னியைச் செய்தார். 120 லிட்டர் கரைசலைச் சுமக்க முடியாது, எனவே கொஞ்சம் கரைசலையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்கிறார்கள். யூரியாவை ஒரு நொதி உடைக்கும், கரியும் ஜிர்கோனியம் சேர்மங்களும் கழிவைப் பிடிக்கும். சியாட்டிலில் 7 பேர் 24 மணி நேரம் வரை அணிந்து பார்த்தார்கள். தண்ணி மெதுவாக, நன்றாகவே எடுத்தது. ஆனால் யூரியா உடையும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் கரைசல் ஓட்டத்தைக் கெடுத்ததால் ஆய்வை நிறுத்தினார்கள். முடிவுகள் 2016ல் வெளியாயின. சிங்கப்பூரில் ஏ.வாக் என்ற நிறுவனம் இதே யோசனையை வயிற்று டயாலிசிஸோடு சேர்த்து முயன்று வருகிறது.

ஷுவோ ராயும் வில்லியம் ஃபிசெல்லும் செய்வது இன்னும் பெரிய வேலை. சிலிக்கான் சில்லில் நுண்துளை போட்டு, பம்ப் இல்லாமல் இதயத்தின் அழுத்தத்திலேயே ரத்தத்தை வடிப்பது ஒரு பாதி. அந்த வடிகட்டி நிமிஷத்துக்கு 30 மில்லி வடித்தால்கூட நாளைக்கு 43 லிட்டர். அதை அப்படியே வெளியே விட்டால் ஆள் காலி. எனவே கிட்னி செல்களை ஒரு பெட்டியில் வளர்த்து, வடிந்த தண்ணியையும் உப்பையும் திரும்ப உறிஞ்ச வைக்கவேண்டும். அது மறு பாதி. 2023ல் அந்தச் செல் பெட்டியைப் பன்றிகளின் உடம்பில் 7 நாள் வைத்துப் பார்த்தார்கள், செல்கள் உயிரோடு இருந்தன. அது நல்ல செய்திதான். ஆனால் 7 நாளுக்கும், ஒரு மனிதருக்குள் வருஷக்கணக்கில் வேலை செய்வதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது இவ்வளவுதான். வீட்டில் யாராவது டயாலிசிஸ் போகிறார்கள் என்றால் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு தடவையும் மூணு எண்ணை எழுதுங்கள்: டயாலிசிஸுக்குப் பின் எடை, எடுத்த தண்ணி, ஓடிய நேரம். கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். 10க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால், நோட்டை டாக்டரிடம் காட்டி மூணு கேள்வி கேளுங்கள். டிரை வெயிட்டை மறுபடி பார்க்கணுமா? நேரத்தைக் கூட்டமுடியுமா, அல்லது வாரத்தில் ஒரு தடவை சேர்க்கமுடியுமா? உப்பை எங்கே குறைப்பது? டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் மாற்றவேண்டாம். ஆனால் அந்த எண் தெரியாமலும் இருக்கவேண்டாம்.